நாற்பது எப்படிக் காரணி ஆனது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு மாணவர் பக்கத்தில் 40 முதல் 50 வரையுள்ள எண்களுக்கு ரோமன் எண்ணும் காரணிகளும் (மிச்சமின்றி வகுக்கும் எண்கள்) ஒரே அட்டவணையில் வந்திருந்தன. விடைகளில் பிழை இல்லை. ஆனால் அதை வைத்துப் படித்த என் பேரன் எங்கே இடறினான் என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். முப்பது வருடம் கணக்குப் பாடம் எடுத்தவள் நான். இந்தத் தடுமாற்றத்தை வகுப்பிலும் பலமுறை பார்த்திருக்கிறேன்.

48 என்ற எண்ணை ரோமனில் எழுதச் சொன்னேன். நாற்பதுக்கு ‘எக்ஸ்’ (10), ‘எல்’ (50), அதாவது ஐம்பதில் பத்து கழிகிறது; எட்டுக்கு ஒரு ‘வி’ (5), மூன்று ‘ஐ’ (1). சரியாக எழுதிவிட்டான். அப்புறம் அதன் காரணிகளைக் கேட்டேன். யோசிக்காமல் “40, 8” என்றான். அவன் மேல் தப்பில்லை. அப்போதுதான் அந்த எண்ணை நாற்பது, எட்டு என்று பிரித்து எழுதியிருக்கிறான். அந்தப் பிரிப்பையே காரணி என்று நம்பிவிட்டான். ரோமன் எண்ணுக்குக் கூட்டலாகப் பிரிக்கிறோம், காரணிக்குப் பெருக்கலாகப் பிரிக்கிறோம். இரண்டையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் விடையாக மட்டும் போட்டால் பிள்ளைக்கு இது எப்படிப் பிடிபடும்?

தையல் பெட்டியிலிருந்து 48 பொத்தான்களை எண்ணித் தரையில் கொட்டினேன். வரிசைக்கு எட்டு வைக்கச் சொன்னேன். ஆறு வரிசை வந்தது, மிச்சம் இல்லை. வரிசைக்கு நாற்பது வைக்கச் சொன்னேன். நீளமாக ஒரு வரிசை, பக்கத்தில் எட்டுப் பொத்தான் அநாதையாகக் கிடந்தது. “அப்போ நாற்பது ஆகாது பாட்டி” என்று அவனே சொன்னான். பிறகு 1, 48, 2, 24, 3, 16, 4, 12, 6, 8 என்று ஜோடி ஜோடியாக அடுக்கினோம். மொத்தம் பத்துக் காரணிகள். ஒரு பொத்தானை எடுத்து வைத்துக்கொண்டு மீதி 47 பொத்தான்களைக் கொடுத்தேன். வெகுநேரம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தான். ஒற்றை வரிசைக்குத் தவிர வேறு எதற்கும் அது மசியவில்லை. பகா எண் என்னவென்று நான் வாய் திறந்து விளக்க வேண்டிய தேவையே வரவில்லை.

அடுத்து 49. ஐம்பதில் ஒன்று குறைவுதானே என்று ‘எல்’லுக்கு முன்னால் ‘ஐ’ போட்டான். ‘ஐ’ என்ற எழுத்து ‘வி’, ‘எக்ஸ்’ இரண்டுக்கும் முன்னால்தான் நின்று கழியும். ஆகவே நாற்பது, ஒன்பது என்று தனித்தனியாக எழுத வேண்டும். அட்டவணையில் சரியான விடை இருந்தது, இந்த விதி இல்லை.

இன்னொன்று. ரோமன் எழுத்துகளைப் பார்த்தே சில காரணிகளைச் சொல்லிவிடலாம். ‘வி’, ‘எக்ஸ்’, ‘எல்’, ‘சி’ (100), ‘டி’ (500), ‘எம்’ (1000) ஆகிய ஆறும் 5-இன் மடங்குகள். எனவே ‘ஐ’ இல்லாத ரோமன் எண் எதுவானாலும் அதற்கு 5 ஒரு காரணி. அதேபோல் ‘ஐ’, ‘வி’ இரண்டுக்கு மட்டும்தான் மதிப்பு ஒற்றைப்படை. இந்த இரண்டும் ஓர் எண்ணில் மொத்தம் எத்தனை முறை வருகின்றன என்று எண்ணுங்கள். 48-இல் நான்கு முறை. நான்கு இரட்டைப்படை என்பதால் 2 காரணியாகும். 49-இல் ஒரே முறை, ஆகாது. முன்னால் நின்று கழிந்தாலும் பின்னால் நின்று கூடினாலும் இது மாறாது. இதைச் சொன்னதும் பேரன் அன்று மாலை முழுக்கப் புத்தகத்தின் அத்தியாய எண்களையெல்லாம் சோதித்துக்கொண்டிருந்தான்.

அடுத்த வாரம் 72 போன்ற ஓர் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டலுக்கு ஒரு கட்டம், பெருக்கலுக்கு ஒரு கட்டம் காலியாக விடுங்கள், விதியை மேலே அச்சிடுங்கள், விடை அதற்கடுத்த வாரம் வரட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை