போட்டது போட்டபடி

சுங்கை சிப்புட், பேராக், மலேசியா
ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம்

அன்புள்ள நெட்டச்சிக்கு,

குட்டச்சி எழுதிக்கொள்வது. உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. பதில் போடாததற்குச் சாக்கு ஒன்றும் இல்லை, சோம்பல்தான். முட்டி அறுவை முடிந்து நீ மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. உன் அம்மா தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு விடியும் முன்னே மேட்டுக்காட்டில் ஏறி இறங்கி முப்பது வருசம் ரப்பர் மரத்தில் பால் வெட்டினார். உனக்கு ஜோகூர் பாருவில் மூன்று மாடி ஏறியே முட்டி தேய்ந்துவிட்டது. கோபித்துக்கொள்ளாதே, எனக்கு இரண்டு மாடிகூடத் தாங்காது.

இங்கே எல்லாரும் சுகம். அவருக்கு இனிப்பு நீர் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. ஒட்டுக்கடையில் போய்க் ‘கோப்பி ஓ கோசோங்’ என்று, பாலும் சீனியும் இல்லாத காப்பியாக, நல்ல பிள்ளையாகச் சொல்கிறார், பக்கத்திலேயே தட்டு நிறைய பிசாங் கோரேங், எண்ணெயில் பொரித்த வாழைப்பழம். கேட்டால், “பழம்தானே?” என்கிறார். பள்ளிக் கன்டீனை நான் போன வருசத்தோடு விட்டுவிட்டேன். விட்ட பிறகும் காலை நாலு மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது. தோட்டத்தில் விடிகாலை ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குத் தட்டும் தகரச் சத்தத்தில் எழுந்து பழகின உடம்பு, வேறென்ன செய்யும்.

எழுத வேண்டிய விசயம் வேறு. பள்ளி விடுமுறைக்கு என் பேத்தி வந்திருந்தாள், ஒன்பது வயசு. ஒரு மழை நாளில் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு ஜப்பான் கார்ட்டூன் படம் போட்டாள். கார்ட்டூன் என்றால் அவளுக்குக் கோபம் வரும், ‘அனிமேசன்’ என்று திருத்துவாள். 2009இல் வந்த படம். ‘ஹொத்தாராகே நோ ஷிமா’ என்று பெயர், ஆங்கிலத்தில் ‘ஒப்லிவியன் ஐலண்ட்’. புரொடக்சன் ஐ.ஜி. என்ற கம்பெனி எடுத்தது. நிஜ ஆட்களை வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்த ஷின்சுகே சாத்தோதான் இயக்குநராம். எனக்கு ஜப்பான் பாசையும் தெரியாது, கீழே ஓடுகிற எழுத்தைப் பிடிக்கக் கண்ணும் போதாது. பேத்தி கதை சொல்லச் சொல்லப் பார்த்தேன்.

ஹாருகா என்று ஒரு பெண், பதினாறு வயசு. சின்ன வயசிலேயே அம்மா இறந்துபோனாள். அப்பனுக்கு வேலை, எந்நேரமும் வேலை. அம்மா கொடுத்த கைக்கண்ணாடி ஒன்று இருந்தது, அதை இந்தப் பெண் எப்போது எங்கே விட்டாள் என்று அவளுக்கே ஞாபகம் இல்லை. அந்த ஊர்ப் பக்கம் ஒரு கதை சொல்வார்கள் போல: மனுசர்கள் கவனிக்காமல் போட்டுவைத்த சாமான்களை நரிகள் எடுத்துக்கொண்டு போய்விடும். திரும்ப வேண்டும் என்றால் நரிக்கோயிலில் முட்டை வைத்து வேண்டிக்கொள்ள வேண்டும். முட்டை என்றதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஜப்பானில் இனாரி என்பது நெல்லுக்கும் விளைச்சலுக்கும் சாமி, நரிதான் அதன் தூதுவன், அதனால் கோயில் வாசலில் இரண்டு பக்கமும் கல் நரி உட்கார்ந்திருக்கும். நம் முனியாண்டிக்கும் முட்டைதானேடி வைத்தோம்? கூட ஒரு சுருட்டு. உன் அம்மாவின் மூக்குத்தி பால் வாளியோடு போய்விட்டது என்று அன்றைக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து கட்டினார்களே, ஞாபகம் இருக்கிறதா? மூக்குத்தி கிடைக்கவில்லை. அந்தக் காசு மட்டும் மறுநாளே காணோம், அதை எடுத்தது எந்த நரி என்று நம் இரண்டு பேருக்கும் தெரியும்.

அந்தப் பெண் ஒரு நரி மாதிரியான குட்டிப் பிராணியைத் துரத்திக்கொண்டு வேறொரு உலகத்துக்குள் விழுந்துவிடுகிறாள். தேயோ என்று அதற்குப் பெயர், பயந்தாங்கொள்ளி. அந்தத் தீவு முழுக்க நாம் போட்டுவிட்டு வந்த பொருள்களாலேயே கட்டினது. எங்கே பார்த்தாலும் யாரோ ஒரு பிள்ளை ஆசையாக வாங்கி அப்புறம் திரும்பிப் பார்க்காமல் விட்ட சாமான். அவள் சின்ன வயசில் வைத்து விளையாடிய ஆட்டுக்குட்டிப் பொம்மைகூட அங்கே வந்து சேர்ந்திருக்கிறது. அதைக் கண்டதும் என் பேத்தி சோபாவில் எழுந்து நின்றுவிட்டாள்.

படம் முழுக்க நன்றாக இருந்தது என்று சொல்லமாட்டேன். அந்தத் தீவை ஆட்டிப்படைக்கிற பாரன் என்று ஒருத்தன் இருக்கிறான், கண்ணாடிப் பைத்தியம். அவன் வந்ததிலிருந்து துரத்தலும் சண்டையும்தான். நான் நடுவில் எழுந்துபோய் உளுந்து ஊறப்போட்டுவிட்டு வந்தேன், ஒன்றும் விட்டுப்போகவில்லை. ஆட்களின் முகமும் மெழுகில் செய்தது மாதிரி இருந்தது. ஆனால் அந்தப் பெண் கண்ணாடிக்குள் தன் அம்மாவைப் பார்க்கிற இடத்தில் என்னால் தாங்க முடியவில்லை. வெங்காயம் உரிக்கப் போகிறேன் என்று மறுபடி எழுந்தேன்.

பெயருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன், பேத்தி போனில் தேடிச் சொன்னாள். ‘ஹொத்தாராகே’ என்றால் கவனிக்காமல் விட்டது, அப்படியே போட்டுவைத்தது. தொலைந்தது இல்லையடி. நம் பேச்சில் சொன்னால் ‘போட்டது போட்டபடி’. படத்தில் எனக்கு ஒட்டிக்கொண்டது இந்த ஒரு வார்த்தைதான்.

மறுநாள் காலையில் பேத்தியின் தண்ணீர் போத்தலைக் காணோம். இந்த வருசத்தில் மூன்றாவது. “நரி தூக்கிட்டுப் போயிருக்கும் பாட்டி” என்றாள் சாமர்த்தியமாக. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “நரியும் தூக்கல, நாயும் தூக்கல. ராத்திரிச் சந்தையில, அந்தப் பாசார் மாலாம்ல, பெஞ்சுமேல வச்சிட்டு நீதான் திரும்பிப் பாக்காம வந்தே” என்று சத்தம் போட்டேன். சொன்ன வாய் மூடுமுன் உன் ஞாபகம் வந்தது. அதிலிருந்து இந்தக் கடிதத்தை மனசுக்குள் எழுதிக்கொண்டே இருக்கிறேன்.

கண்ணாடியைப் பற்றித்தான். தீமிதித் திருவிழாவில் வாங்கினோமே, உள்ளங்கை அளவு வட்டக் கண்ணாடி, பின்பக்கம் எம்.ஜி.ஆர். படம், வெள்ளைத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக. ஐம்பது காசு. உன்னிடம் முப்பது, என்னிடம் இருபது. அதனால் உனக்குத்தான் பாத்தியம் அதிகம் என்று நீ சண்டை போட்டாய், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயாக் கொட்டகை ஆயா வந்து ஆளுக்கு ஒரு வாரம் என்று தீர்ப்புச் சொன்னார். ஆறாம் வகுப்பு முடிகிற வரை அந்தத் தீர்ப்பு நடந்தது. ஞாயிறு சாயங்காலம் கைமாறும். கைமாறும்போது கீறல் விழுந்திருக்கிறதா என்று நீ வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்ப்பாய், தோட்டக் கணக்கு எழுதுகிற பெரிய கிராணி பால் நிறுத்துப் பார்க்கிற மாதிரி.

உன் அப்பாவுக்கு ஜோகூரில் வேலை கிடைத்து, 1980 கடைசியில் ஒரு புதன்கிழமை லாரி வந்தது. அந்த வாரம் என் முறை. நீயும் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. ஆறாம் வகுப்புக்கு அடுத்த புகுமுக வகுப்பில் இருந்தபோது நீ எழுதிய முதல் கடிதத்திலேயே ‘என் வாரம் எத்தனை ஆகிவிட்டது தெரியுமா’ என்று கணக்குப் போட்டிருந்தாய். அதற்கப்புறம் நான் எழுதினேன்: ‘கண்ணாடி காணாமல் போய்விட்டது’ என்று.

காணாமல் போய்விட்டது. இந்தப் பேச்சைக் கொஞ்சம் கவனித்துப் பார். என்னவோ அதற்குக் கால் முளைத்து, என்னிடம் சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறிப் போனது மாதிரி. விட்டவளின் பெயரே அதில் வராது. நாம் எல்லாவற்றுக்கும் இப்படித்தான் சொல்லிக்கொள்கிறோம், தோட்டத்துக்கும் சேர்த்துத்தான்.

அது காணாமல் போகவில்லை. எங்கள் அடுப்படியில், பலகைச் சுவருக்கும் தகரத்துக்கும் நடுவே ஒரு சந்து உண்டு, அதில் செருகியிருந்தேன். கண்ணாடி உள்பக்கம், எம்.ஜி.ஆர். வெளிப்பக்கம். விறகுப் புகையில் தொப்பி முதலில் பழுத்தது, அப்புறம் முகம். நீ போய் இரண்டு வருசத்தில் அவர் முட்டைக்கரு நிறத்துக்கு வந்துவிட்டார். நானும் வயசுக்கு வந்து, பவுடர் டப்பாவோடு பெரிய கண்ணாடி ஒன்று வீட்டுக்கு வந்துவிட்டது. யார் அதைப் பார்த்தார்கள்?

பால்மரத்தைச் சாய்த்து எண்ணெய்க்குச் செம்பனை போடப்போகிறார்கள், லயத்து வீடுகளைக் காலி செய்யுங்கள் என்று நிர்வாகம் சொன்னபோது எனக்குப் பதினெட்டு வயசு. லாரி வாடகை மணிக் கணக்கு. அம்மா வெளியிலிருந்து கத்துகிறார். கடைசியாக அடுப்படியை ஒரு சுற்றுப் பார்க்கப் போனவள் நான்தான். சந்தில் அது இருந்தது. பார்த்தேன், நெட்டச்சி. கையை நீட்டினால் எட்டும். ‘கரி பிடித்துக் கிடக்கிறது, இதை வேறு எதற்கு’ என்று நினைத்தேன், திரும்பிவிட்டேன். அவ்வளவுதான் நடந்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லும்படி பெரிய குற்றமும் இல்லை என்றுதான் வைத்துக்கொண்டிருந்தேன்.

பேத்தியைக் கூட்டிக்கொண்டு போன வாரம் கோலகங்சார் போனோம். அரை மணி நேர ஓட்டம். அங்கே மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒரு பால்மரம் நிற்கிறது. 1877இல் சிங்கப்பூருக்கு வந்த பிரேசில் மரத்தின் கன்றுகளில் ஒன்பதைக் கோலகங்சாரில் நட்டார்களாம், அதில் மிச்சம் இருக்கும் ஒன்று. பலகை வைத்து, மரியாதையாக வைத்திருக்கிறார்கள். பேத்தி வாழ்நாளில் பார்த்த முதல் பால்மரம் அதுதான் என்று எனக்கு அங்கே போய்த்தான் உறைத்தது. சுற்றிலும் செம்பனை பார்த்து வளர்ந்த பிள்ளை. “இதுலயா பால் வரும்?” என்று பட்டையை அழுத்திப் பார்த்தாள். கீழே கித்தாக் கொட்டை, அதுதான் பால்மரத்து விதை, கிடக்கிறதா என்று குனிந்து தேடினேன். சிமெண்டில் தேய்த்துச் சூடுபறக்க அவள் கையில் ஒரு வை வைத்தால் என்னவென்று ஆசை. ஒன்றும் கிடைக்கவில்லை. கூட்டிப் பெருக்கிச் சுத்தமாக வைத்திருக்கிறார்கள், பாழாய்ப் போக.

திரும்பும் வழியில் நம் தோட்டத்துப் பக்கம் வண்டியைத் திருப்பச் சொன்னேன். முனியாண்டி இருக்கிறார், புதுப் பெயின்ட் அடித்துப் பளபளவென்று. லயம் இருந்த இடத்தில் செம்பனை, அதுவும் இரண்டாம் நடவு. நம் வரிசை எது என்று தண்ணீர்த் தொட்டியின் சிமெண்ட்டுத் தளத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். மலாயில் ‘சிப்புட்’ என்றால் நத்தை, வீட்டை முதுகில் தூக்கிக்கொண்டு போகிற பிராணி. அந்தப் பெயரை வைத்துக்கொண்டிருக்கிற ஊரில் நாம் வீட்டைப் போட்டுவிட்டு வந்திருக்கிறோம். கடையில் வாங்கி வண்டியில் வைத்திருந்த அவித்த முட்டையில் ஒன்றைப் பேத்தி எடுத்துக்கொண்டு போய் முனியாண்டி முன்னால் வைத்தாள், தண்ணீர் போத்தலுக்காக. நான் தடுக்கவில்லை. சுருட்டு இல்லாமல் அவர் ஒத்துக்கொள்வாரா தெரியவில்லை.

என் அம்மா அப்படி எதையும் விடுகிறவர் இல்லை. அவரது தகரப் பெட்டியைப் போன மாதம்தான் முழுசாகத் திறந்தேன். 1960இல் மந்திரி துன் சம்பந்தன் ஆரம்பித்த தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்கு அப்பா பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிய ரசீதுகள், நூல் கட்டி, வருச வரிசையில். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கிறார்கள், நாமே சேர்ந்து வாங்கினால்தான் உண்டு என்று நம் ஊர்க்காரரான அவர் சொன்னார், அப்பா சம்சுச் சாராயத்தைக்கூடக் குறைத்துக்கொண்டு கட்டினார். அதற்குக் கீழே அவருடைய பால் வெட்டுக் கத்தி. கடைசி ஆயுத பூசைக்கு வைத்த குங்குமம் பிடியில் இன்னும் கறையாக இருக்கிறது. பெட்டியை மூடி, இந்த முறை கட்டிலுக்கு அடியில் தள்ளாமல் சாமி மேடைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

இதைப் படித்துவிட்டு ‘ஒரு ஐம்பது காசுக் கண்ணாடிக்கா இத்தனை பக்கம்’ என்று நீ சிரிப்பாய். சிரி. ஆனால் என் முறை முடிந்து நாற்பது வருசத்துக்கு மேல் ஆகிறது, கைமாற்றாதது நான்தான், அதை எழுத்தில் தந்துவிட்டேன். முப்பது காசைத் தைப்பூசத்துக்கு வரும்போது நேரில் வாங்கிக்கொள். வட்டி கேட்காதே.

வருவதாக இருந்தால் உன் மகனிடம் பெரிய வண்டியாக எடுத்துக்கொண்டு வரச் சொல். உன் அம்மா லாரியில் இடம் இல்லை, அப்புறம் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போன அம்மி இங்கே பின்கட்டில்தான் இருக்கிறது. லயத்தைக் காலி பண்ணிய அன்று என் அம்மா எங்கள் கட்டிலைக் கழற்றிப் போட்டுவிட்டு அதை லாரியில் ஏற்றினார். “அவங்க சாமான், அவங்க வந்து கேட்டா என்ன சொல்றது?” என்றார். இப்போது அதன்மேல் கறிவேப்பிலைத் தொட்டி உட்கார்ந்திருக்கிறது, உனக்காக இறக்கி வைக்கிறேன். கல்லைத் தூக்க ஆள் இரண்டு பேர் வேண்டும். குழவியைப் பழைய கைலியில் சுற்றித் தனியாக வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
குட்டச்சி