ஆர்கானுக்கு ஒரு ஹெல்மெட்

அன்புள்ள மாப்ள,

கடிதம் கிடைத்தது. பெரியவளுக்கு வரன் அமைந்ததில் ரொம்ப சந்தோஷம், தேதி முடிவானதும் எழுது. பட்டறைக்கு ஆர்கான் வாயுவில் வெல்டிங் செய்யும் மெஷின் வந்ததும் நல்ல சேதிதான். துருப்பிடிக்காத எஸ்எஸ் கைப்பிடி வேலையை இனி வெளியே கொடுக்க வேண்டாம்.

பைப்பின் அடிப்பக்கம் வெல்டு ஓட்டும்போது, ஆர்க் வெளிச்சம் பட்டதும் தானாக இருள வேண்டிய ஹெல்மெட் கண்ணாடி படக் படக்கென்று வெளுத்துவிடுகிறது என்று எழுதியிருந்தாய். அது பழுதில்லை. ராடு வெல்டிங்கில் 110 ஆம்பியரில் ஆர்க் எரிந்தால் எந்த சென்சாருக்கும் தெரியும். ஒன்றரை மில்லி பைப்புக்கு ஆர்கானில் 40, 50 ஆம்பியர்தான் வைப்பாய், முடிக்கும் இடத்தில் 10 வரை இறக்குவாய். அந்தச் சின்ன ஆர்க்கையும் பைப்போ வெல்டிங் டார்ச்சோ உன் கையோ மறைத்துக்கொள்ளும். உன் ஹெல்மெட்டில் இருப்பது ரெண்டே சென்சார். ரெண்டும் மறைந்தால் ஆர்க் அணைந்துவிட்டதென்று நினைத்து வெளுக்கிறது. இப்போதைக்கு சென்சிட்டிவிட்டியைக் கூட்டி, டிலேயை, அதாவது ஆர்க் அணைந்தபின் வெளுக்க எடுக்கும் நேரத்தை, அரை வினாடிக்கு மேல் வை. ஓரளவு அடங்கும்.

புதிதாக வாங்கினால் நாலு சென்சார் உள்ளதாக வாங்கு. குறைந்தது எத்தனை ஆம்பியரில் ஆர்கான் ஆர்க்கைப் பிடிக்கும் என்று விவரத்தாளில் இருக்கும், 5 என்றிருந்தால் எடு. இருளும் வேகம் 1/25000 வினாடி என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதே. மட்டமான சரக்கிலும் அதே எண்தான் இருக்கும். கடைக்காரர் லைட்டரைப் பற்றவைத்துக் காட்டுவார். அதில் கண்ணாடி வேலை செய்கிறது என்று மட்டும்தான் தெரியும். முடிந்தால் பட்டறைக்கு எடுத்து வந்து, மெஷினை 15 ஆம்பியரில் வைத்து, ஒரு சென்சாரை விரலால் மூடிக்கொண்டு துண்டுப் பைப்பில் ஓட்டிப் பார்.

கண்ணாடிச் சட்டத்தில் பொடி எழுத்தில் 4/9-13 என்று தொடங்கி 1/1/1/2/379 என்கிற மாதிரி ஒரு வரி இருக்கும். 4 என்பது வெளுத்திருக்கும்போது உள்ள ஷேடு (கண்ணாடியின் கறுப்பு அளவு), 9-13 என்பது இருண்டபின். கடைசி 379 முன்பிருந்த ஐரோப்பியத் தர எண். நடுவில் உள்ள நாலு இலக்கமும் பார்வைத் தெளிவு, ஒளிச் சிதறல், ஷேடு சீராக இருப்பது, சாய்வாகப் பார்த்தால் மாறாமல் இருப்பது என்கிற வரிசை. 1 சிறந்தது, 3 மட்டம். உனக்கு அந்த நாலில் கடைசி இலக்கம்தான் முக்கியம். படிக்கட்டுக் கைப்பிடியில் கழுத்தை ஒடித்துச் சாய்ந்துதானே பார்க்க வேண்டியிருக்கிறது? அது 3 ஆக இருந்தால் கண்ணாடியின் ஒரு ஓரம் இருண்டும் மறு ஓரம் வெளுத்தும் தெரியும்.

ஷேடு விஷயத்தில் முதலில் கூடுதலாக வைத்து ஒவ்வொன்றாகக் குறை. உருகிய உலோகக் குட்டையும் அதன் ஓரமும் தெளிவாகத் தெரிகிற இடத்தில் நிறுத்து. உன் ஆர்கானுக்கு 9, 10 போதும். 3.15 மில்லி ராடுக்கு 10, 11. சிஓ2 வாயு வெல்டிங்கில் 160 ஆம்பியரைத் தாண்டினால் 11, 12. கேஸ் கட்டிங்குக்கு இதை மாட்டாதே, தீச்சுடரை சென்சார் பிடிக்கும் என்று நம்ப முடியாது. அதற்கு ஷேடு 5 காகிள்ஸ் தனியாக வேண்டும்.

ராடு அடிக்கும் பையன்களுக்குப் பழைய கறுப்புக் கண்ணாடியே இருக்கட்டும். நாள் முழுக்க ஒரே ஆம்பியரில் ஓட்டுகிறவர்களுக்கு அது குறைச்சலே இல்லை. பேட்டரியும் வேண்டாம். டேக் (பிடிப்புக்கு வைக்கும் சின்னப் பொட்டு வெல்டு) வைக்கும்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கும் பழக்கத்தை விடச் சொல். ராத்திரி மண்ணை அள்ளிப் போட்டாற்போல் கண் உறுத்துவது பெரும்பாலும் அதனால்தான். ஆட்டோ ஹெல்மெட் ஒருமுறை இருளத் தவறினால் கண் கூசும், அவ்வளவுதான். தரமான ஃபில்டர் கண்ணாடி வெளுத்திருக்கும்போதும் புற ஊதாக் கதிரைத் தடுத்துக்கொண்டேதான் இருக்கும். ஆர்க் அடித்த கண்ணில் தாய்ப்பால் விடுகிற வைத்தியத்தை உன் பட்டறையில் அனுமதிக்காதே, கண் டாக்டரிடம் அனுப்பு.

புது ஹெல்மெட்டின் பாதுகாப்புத் தகட்டில் ரெண்டு பக்கமும் மெல்லிய பிலிம் ஒட்டியிருக்கும். அதை உரிக்காமலே மாட்டிக்கொண்டு மங்கலாக இருக்கிறது என்று திட்டுகிறவர்கள் உண்டு. வெளித்தகடு இல்லாமல் ஒரு டேக்கூட வைக்காதே, ஃபில்டரில் ஸ்பேட்டர் (தெறிக்கும் உலோகத் துளி) ஒட்டினால் மொத்தமும் போச்சு. தகட்டின் அளவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஹெல்மெட்டோடு பத்துத் தகடு சேர்த்து வாங்கு, பிறகு கிடைக்குமா என்றும் கேட்டுக்கொள். பேட்டரியைக் கழற்றி மாற்றும்படி இருக்கட்டும். உள்ளேயே அடைத்து வைத்த வகையில் பேட்டரி தீர்ந்தால் குப்பைதான்.

நமக்கு வெள்ளெழுத்து வந்த வயசு. மூக்குக் கண்ணாடி போட்டு அதன்மேல் ஹெல்மெட் மாட்டினால் வியர்வையில் ஆவி படியும். ஹெல்மெட்டின் உள்பக்கம் பெரிதாக்கும் லென்ஸ் செருக இடம் இருக்கிறதா என்று பார். 1, 1.25, 1.5 என்று கால் கால் பவராகக் கிடைக்கிறது. கிட்டப் பார்க்க நீ போடும் பவரை அடுத்த கடிதத்தில் எழுது, இங்கே கடையில் ஒன்று எடுத்து அனுப்புகிறேன்.

உன் பழைய கூட்டாளி