யூடியூப் தடுப்பு மட்டும் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

பிள்ளையின் கைப்பேசியில் பிள்ளைகளுக்கு ஒவ்வாத வீடியோக்களை மறைக்கும் யூடியூபின் 'ரெஸ்ட்ரிக்டட் மோட்' போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள் பல பெற்றோர். அந்த அமைப்பு ஒவ்வொரு கருவிக்கும், ஒவ்வொரு பிரவுசருக்கும் தனித்தனி. குரோமில் போட்டது ஃபயர்பாக்ஸில் செல்லாது. சிறு பிள்ளைகளுக்கு பெற்றோர் கண்காணிப்புக்கான கூகுளின் ஃபேமிலி லிங்க் செயலி வழியாகத் தனிக் கணக்கு தொடங்குவதே மேல். புதுச் செயலியை இறக்கப் பெற்றோர் ஒப்புதல் கேட்கும்படி அதில் அமைக்கலாம்.

அதைவிடப் பெரிய ஆபத்து, ஆன்லைன் விளையாட்டுகளில் வரும் சாட். முன்பின் தெரியாதவர், "வேறு செயலியில் தனியாகப் பேசலாம்" என்று அழைத்தாலே உஷாராக வேண்டும். அப்படிப் பழகி வாங்கிய பிள்ளையின் அந்தரங்கப் படத்தை வைத்து மிரட்டினால் பணம் கொடுக்காதீர்கள். பதற்றத்தில் உரையாடலை அழித்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி. பயனர் பெயர், தேதி தெரியும்படி முதலில் ஸ்கிரீன்ஷாட், அடுத்து புகார், பிளாக் செய்வது அதற்குப் பிறகுதான். கைப்பேசியைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்ற பயத்தில்தான் பிள்ளைகள் பலர் வாய் திறப்பதில்லை. பிடுங்க மாட்டோம் என்று இன்றே அவர்களிடம் சொல்லிவையுங்கள்.

இப்படிக்கு,
கணினி ஆசிரியர்கள் சிலர்