எண்ணெய் படிந்த வயலுக்குத் தொழுவுரம்

ஆசிரியருக்கு,

டெல்டா வயல்களில் எண்ணெய்க் குழாய்க் கசிவு பற்றிய செய்தி படித்தேன். 2017இல் தஞ்சை மாவட்டம் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்ததிலிருந்து இழப்பீட்டைப் பேசுகிறோம். மண்ணை மீட்பதைப் பேசுவதில்லை. எண்ணெயைத் தின்னும் நுண்ணுயிர்கள் மண்ணிலேயே உண்டு. அவற்றுக்குத் தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்)தான் போதாது. மக்கிய சாண எருவான தொழுவுரம் அவற்றைக் கொடுக்கும். எங்கள் பம்புசெட் அருகே டீசல் கொட்டிப் புல்லே முளைக்காத இடத்தில் தொழுவுரம் போட்டு, ஈரம் காயாமல் அவ்வப்போது கொத்திவிட்டோம். அடுத்த மழைக்குக் கோரைக் களை தலைகாட்டியது. (கோரையைக் கண்டு மகிழ்ந்த விவசாயி நான் ஒருவன்தான்!)

கச்சா எண்ணெய் அவ்வளவு எளிதல்ல, சரி. தார் போன்ற கனமான பகுதி லேசில் சிதையாது; உலோகங்கள் போகவே போகாது. எனவே வேளாண் பல்கலைக்கழகம் முதலில் ஒரு பாத்தியில் சோதித்துப் பார்க்கட்டும். மண் பரிசோதனை முடியும்வரை அங்கே நெல் நடக்கூடாது. செலவைக் குழாய் பதித்தவர்களே ஏற்க வேண்டும்.