1054: விருந்தாளி விண்மீனின் ஆண்டு

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் பொங்கலுக்கு மறுநாள் வந்தது. பேரனுக்கு வாங்கிய தொலைநோக்கியை ஏலகிரிக்குச் சுமந்துபோய், வெடித்துச் சிதறிய விண்மீன் ஒன்றின் எச்சமான நண்டு நெபுலாவைத் தேடியதாகவும், ரிஷபத்தின் கொம்பு நுனிக்கருகே ஊதிவிட்ட சாம்பலைப் போல ஒரு மங்கல் மட்டும் தெரிந்ததாகவும், "இதுக்குத்தானா மலை ஏறினோம் தாத்தா?" என்று பையன் கேட்டதாகவும் எழுதியிருந்தாய். இயற்பியலை நீ அவனுக்குச் சொல்லிக்கொள். அந்த விண்மீன் வெடித்ததை மனிதர்கள் கண்ட ஆண்டைப் பற்றி நான் எழுதுகிறேன். முப்பது ஆண்டுகள் வரலாறு நடத்தியவனுக்கு அந்த உரிமையாவது உண்டல்லவா?

1054 ஜூலை 4 அன்று சீனத்தின் சோங் அரசவை வானியலாளர்கள், தியன்குவான் என்று அவர்கள் அழைத்த விண்மீனுக்குப் பக்கத்தில் புதிய ஒளி ஒன்றைக் கண்டு, அதை 'விருந்தாளி விண்மீன்' என்று பதிந்தார்கள். வெள்ளிக் கோளைப் போல அது 23 நாள்கள் பகலிலேயே தெரிந்தது. பிறகு இரவில் மட்டும் தெரிந்து, 1056 ஏப்ரலில்தான் கண்ணுக்கு மறைந்தது. யாங் வெய்டெ என்ற அதிகாரி பேரரசர் ரென்சோங்கை விழுந்து வணங்கி, ஒளி மஞ்சளாக இருப்பதால் நாட்டில் பெருஞ்சான்றோர் ஒருவர் இருக்கிறார் என்று பலன் சொன்னாராம். அரசனிடம் எதைச் சொல்ல வேண்டும் என்று தெரிந்தவர்! ஆனாலும் நாளையும் இடத்தையும் அவர்கள் எழுதிவைத்ததனால்தான், நெபுலா விரியும் வேகத்தைப் பின்னோக்கிக் கணக்கிட்ட 20ஆம் நூற்றாண்டு அறிஞர்களால் உன் சாம்பலுக்குப் பிறந்தநாள் குறிக்க முடிந்தது.

என்னை உறங்கவிடாதது பைசாந்தியப் பேரரசின் தலைநகரான கான்ஸ்டான்டினோபிளில் நடந்ததுதான். ரோமுக்கும் கிழக்குத் திருச்சபைக்கும், நற்கருணை வழிபாட்டுக்குப் புளித்த அப்பமா புளிக்காத அப்பமா, தூய ஆவி தந்தையிடமிருந்து மட்டும் புறப்படுகிறாரா மகனிடமிருந்துமா என்றெல்லாம் நெடுநாள் பிணக்கு. ஜூலை 16, சனிக்கிழமை, ஹாகியா சோஃபியா பேராலயத்தில் வழிபாடு தொடங்கவிருந்த வேளையில், போப்பின் தூதராக வந்திருந்த கர்தினால் ஹும்பர்ட் உள்ளே நுழைந்து, அந்நகரத் திருச்சபையின் தலைவரான முதுபெரும் தந்தை மைக்கேல் கெருலாரியோசைச் சபைநீக்கம் செய்யும் ஓலையைப் பீடத்தின்மீது வைத்துவிட்டு, கால்தூசியை உதறிக்கொண்டு வெளியேறினார். திருத்தொண்டர் ஒருவர் அந்த ஓலையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடி, திரும்பப் பெற்றுக்கொள்ளும்படி கெஞ்சினார். கடைசியில் அது தெருவில் கிடந்தது. இதில் ஒரு விந்தை: ஹும்பர்ட்டை அனுப்பிய போப் ஒன்பதாம் லியோ ஏப்ரல் 19 அன்றே இறந்துவிட்டார். இறந்தவரின் பெயரால் வைக்கப்பட்ட அந்த ஓலையையும், பதிலுக்குக் கெருலாரியோஸ் தூதர்கள்மீது விதித்த சபைநீக்கத்தையும் இரு தரப்பும் விலக்கிக்கொண்டது 1965 டிசம்பரில்!

ஜூலை 16 என்ற நாளைக் கவனித்தாயா? விண்மீன் பகலில் தெரிந்த அந்த 23 நாள்களுக்குள் வருகிறது. அவர்கள் தெருவில் வாதாடியபோது, வானம் தெளிவாக இருந்திருந்தால், தலைக்குமேல் பகலிலேயே ஒரு விண்மீன் எரிந்துகொண்டிருந்திருக்கும். அதைப் பற்றி அந்தத் தூதரும் எழுதவில்லை, முதுபெரும் தந்தையும் எழுதவில்லை. அதே நகரில் தங்கியிருந்த பாக்தாத் மருத்துவர் இப்னு புட்லான் மட்டும், அவர் கணக்கில் மிதுனத்தில் விண்மீன் தோன்றிய ஆண்டில் கொள்ளைநோய் வந்ததென்றும், கல்லறைகள் நிறைந்துபோக, ஒரு தேவாலயத்தில் 14,000 பேரைப் புதைத்தார்கள் என்றும் குறித்தார். அப்பத் தகராறைப் பற்றி அவரும் ஒரு நூல் எழுதினார் என்பது வேறு கதை. நோய்க்குக் காரணம் தேடியவர் என்பதால் அவர் அண்ணாந்து பார்த்திருக்கிறார் என்பது என் எண்ணம்.

அந்த ஆண்டின் மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கீவில் அரசர் யாரோஸ்லாவ் பிப்ரவரியில் இறக்க, நாடு மகன்களிடையே பங்கிடப்பட்டது. வியட்நாமில் லீ தான் தோங் அரியணை ஏறி, நாட்டுக்குத் 'தாய் வியட்' என்று பெயரிட்டார். வங்கத்திலிருந்து திபெத்துக்குச் சென்ற பௌத்த அறிஞர் அதீசர் லாசாவுக்கு அருகே காலமானார்.

நம் பக்கம் கொப்பத்துப் போர். அந்தப் போரை 1052 என்பாரும் உண்டு, 1054 என்பாரும் உண்டு. நான் இரண்டாம் கட்சி. சாளுக்கியன் ஆகவமல்லனோடு பொருது சோழன் இராசாதிராசன் யானைமேலேயே இறந்ததனால் 'ஆனைமேல் துஞ்சினவர்' ஆனான். தம்பி இரண்டாம் இராசேந்திரன் குலையவிருந்த படையை நிறுத்திக் களத்திலேயே முடி சூடினான். அவனுடைய யானையின் நெற்றியிலும் அவன் தொடையிலும் அம்பு தைத்ததைக்கூட அவன் புகழ் பாடும் கல்வெட்டு மெய்க்கீர்த்தி விடாமல் சொல்கிறது.

எனக்கு இடக்கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது. மாசி அமாவாசையை ஒட்டி நான் அங்கு வருகிறேன். அந்தச் சாம்பலை நானும் ஒருமுறை பார்க்க வேண்டும். பையனையும் அழைத்துவா. பேருந்து எத்தனை மணிக்கு என்பதை எழுது.

அன்புடன்,
உன் இராமலிங்கம்