அடிஸ் அபாபாவில் ஒரு தீர்த்தவாரி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த ஆப்பிரிக்கப் பயணக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். சிங்கம், யானை, ஒட்டகச்சிவிங்கி, கூடாரம், ஜீப் என்று நான்கு பக்கம். நகரங்களுக்குக் கிடைத்தது கடைசிப் பத்தியில் ஒரே ஒரு வரி. பொழுது சாய்ந்த பிறகு விடுதியை விட்டு வெளியே போக வேண்டாம் என்று. அந்த வரிதான் மனசைக் குத்தியது. 2025 சனவரியிலும் பிப்ரவரியிலும் ஐந்து வாரம் அங்கே இருந்துவிட்டு வந்தவள் நான். என் பயணத்தில் ஒரு சிங்கத்தைக்கூடப் பார்க்கவில்லை. பார்த்ததெல்லாம் ஊரையும் மனிதர்களையும்தான், அதிலும் நல்லவை பாதி பொழுது சாய்ந்த பிறகு.

எனக்கு வயது 62. அவிநாசிப் பக்கம் 27 வருடம் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றேன். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் தொழில் கற்று, இப்போது எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் தர ஆய்வுப் பிரிவில் இருக்கிறான். நான் கிளம்புகிறேன் என்றதும் நாத்தனார் கேட்டது, "அங்கெல்லாம் என்னத்தைங்க அண்ணி சாப்புடுவீங்க?" பயணச்சீட்டுப் போட்டுக் கொடுத்தவர், பத்து நாளைக்குக் காணும்படி புளிக்காய்ச்சலும் தொக்கும் எடுத்துப் போகச் சொன்னார். எடுத்துப் போனேன். மூடி திறக்காமலே திரும்பி வந்தது.

எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர்களுக்குப் புதனும் வெள்ளியும் விரத நாள். நமக்குச் செவ்வாய், வெள்ளி மாதிரி. ஆனால் நம்மைவிடக் கறாரானவர்கள். கறி, முட்டை மட்டுமல்ல, பால், தயிர், நெய்கூடக் கூடாது. எல்லாம் எண்ணெயில்தான். பெருவிரதங்களையும் சேர்த்தால், முறையாகக் கடைப்பிடிப்பவர்களுக்கு வருடத்தில் 180 நாளுக்கு மேல் வந்துவிடுகிறது. அதனால் எந்தச் சின்ன உணவகத்துக்குள் நுழைந்தாலும் விரதச் சாப்பாடு என்று கேட்டால் கொண்டு வந்து வைக்கிறார்கள். அதற்குப் பெயர் பெயாய்நெத்து. வகைக்கு ஒன்று என்று பொருள். பெரிய தட்டு நிறைய, புளித்த மாவில் சுட்ட இஞ்சேரா என்ற தோசை ஒன்றை விரித்து, அதன் மேல் காரமான மசூர் பருப்பு, மஞ்சள் போட்ட பட்டாணிப் பருப்பு, கடலைமாவைக் குழைத்துக் காய்ச்சிய ஷிரோ, கீரை, முட்டைக்கோசும் கேரட்டும் உருளைக்கிழங்கும் சேர்ந்த பொரியல் எனக் குவியல் குவியலாக வைப்பார்கள். வாழை இலையில் பரிமாறியது போல இருக்கும். இலையையும் சேர்த்துச் சாப்பிட்டுவிடலாம் என்பதுதான் வித்தியாசம்.

இஞ்சேராவைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். ஆயிரக்கணக்கான நாள் அடுப்பைப் பார்த்தவள் என்பதால் அது எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்காமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மகன் குடியிருக்கும் வீட்டுக்கு எதிர் வீட்டுப் பெண் என்னைத் தன் சமையலறைக்குள் அழைத்துப் போனார். டெஃப் என்ற தானியம், கசகசா அளவுதான் இருக்கும். அதை மாவாக்கிக் கரைத்து மூன்று நாள் புளிக்க விடுகிறார்கள். மேலே தெளிந்து நிற்கும் மஞ்சள் நீரில் கொஞ்சம் எடுத்து அடுத்த மாவுக்கு உறையாக வைக்கிறார்கள். நாம் தயிருக்கு வைப்பது போலத்தான். பிறகு மிட்டாட் என்ற பெரிய வட்டக் கல்லில், ஓரத்திலிருந்து நடு நோக்கிச் சுற்றிச் சுற்றி ஊற்றுகிறார்கள். தோசை நடுவிலிருந்து ஓரத்துக்குப் போகும், இது ஓரத்திலிருந்து நடுவுக்கு வருகிறது. மூடி போட்டு, ஆப்பம் போல ஒரு பக்கம் மட்டும் வேகும். மேலே சின்னச் சின்னத் துளைகள் விழுகின்றன. அதைக் கண் என்கிறார்கள். கண் நிறைய இருந்தால்தான் நல்ல இஞ்சேரா. அந்தப் பெண் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் காட்டி, கண்ணைத் தொட்டுத் தொட்டு எண்ணுவது போலப் பாவனை செய்து சிரித்தார். மொழி தெரியாமலே எனக்கு எல்லாம் புரிந்தது. என்னை அவர் எமாமா என்று கூப்பிட்டார். வயதான பெண்களை மரியாதையாக அழைக்கும் சொல் அது. நம் அம்மாதான்.

முதல் வாயில் புளிப்பு தூக்கலாகத் தெரிந்தது. மூன்றாம் நாள் அது இல்லாமல் சாப்பாடு இறங்கவில்லை. ஒரே தட்டில் எல்லாரும் கைபோட்டுச் சாப்பிடுகிறார்கள், வலது கையால். விருந்தாளிக்கு ஒரு கவளம் உருட்டி வாயில் ஊட்டுவதற்குக் குர்ஷா என்று பெயர். என் பிள்ளைக்கு ஊட்டி முப்பது வருடம் ஆகிறது. எனக்கு யாரும் ஊட்டி அதைவிட எத்தனையோ வருடம் ஆகிறது. எதிர் வீட்டுப் பெண் எனக்கு ஊட்டியபோது கண் கலங்கிவிட்டது.

இனி திருவிழா. ஏசுநாதர் யோர்தான் ஆற்றில் திருமுழுக்குப் பெற்ற நாளைத் திம்கத் என்று கொண்டாடுகிறார்கள். சனவரி 19, லீப் கணக்குப்படி சில வருடங்களில் 20. யுனெஸ்கோ 2019இல் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்த விழா. ஒவ்வொரு தேவாலயத்தின் கருவறையிலும் தாபோத் என்ற புனிதப் பலகை இருக்கிறது. மோசே பெற்ற கற்பலகைகளின் வடிவம் அது. மற்ற நாளில் யாரும் பார்க்க முடியாது. திம்கத்துக்கு முந்தின நாள் பிற்பகலில் அதைப் பட்டுத்துணியால் மூடி, குருமார் தலையில் சுமந்து, சரிகைக் குடை பிடித்து, மேளத்தோடு நீர் இருக்கும் இடத்துக்கு எழுந்தருளச் செய்கிறார்கள். ராத்திரி அங்கேயே கூடாரத்தில் தங்கல். விடிந்ததும் நீரை மந்திரித்துக் கூட்டத்தின் மேல் தெளித்துவிட்டு, ஊர்வலமாகக் கோயிலுக்குத் திரும்புதல். மகனிடம் சொன்னேன், "கண்ணு, இது தீர்த்தவாரியேதான்." குடை, மேளம், பட்டு, சாமி ஆற்றுக்குப் போய்த் தங்கித் திரும்புவது, எல்லாம் அப்படியே. அவிநாசித் தேர் பார்த்து வளர்ந்த எனக்கு எதையும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அடிஸ் அபாபாவில் பல கோயில்களின் தாபோத்கள் ஜான் மேடா என்ற பெரிய மைதானத்தில் கூடுகின்றன. நாங்கள் விடியற்காலை போனோம். ஊர் ஊட்டியைவிடக் கொஞ்சம் உயரம், சுமார் 2,350 மீட்டர். சால்வையையும் மீறிக் குளிர் ஏறியது. திரும்பும் ஊர்வலத்தில் நான் பார்த்த ஒரு காட்சியை மறக்க முடியாது. ஒரே நிறத்தில் பனியன் போட்ட இளைஞர்கள், தாபோத் வரும் வழியில் நீளமான சிவப்புக் கம்பளத்தை விரிக்கிறார்கள். அதற்கு முன்னால் சில பேர் சாலையைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். சாமி கடந்ததும் பின்னால் இருக்கும் பையன்கள் கம்பளத்தைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, கூட்டத்தின் ஓரமாக ஓடி, முன்னால் போய் மறுபடி விரிக்கிறார்கள். இப்படியே மைல் கணக்கில். வியர்த்து ஊற்றுகிறது, ஒருவன் முகத்திலும் சலிப்பு இல்லை. சாமியின் வழியில் ஓரடிகூட வெறுந்தரை இல்லை.

துணி ஊர்க்காரி என்பதால் உடையையும் சொல்கிறேன். பெண்கள் எல்லாரும் வெள்ளை, கைத்தறி. கரையில் மட்டும் வண்ணப் பின்னல். மேலே நெத்தலா என்ற மெல்லிய போர்வை. ஷிரோ மேடா என்ற கடைவீதியில் எனக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்தான் மகன். திம்கத்துக்கு உடுத்தாத உடை கிழிந்தே போகட்டும் என்று அவர்களிடம் ஒரு பழமொழி உண்டாம்.

காப்பியை விட்டுவிட்டால் அந்த நாட்டுக்குச் செய்யும் துரோகம். திம்கத் முடிந்த மூன்றாம் நாள், எதிர் வீட்டில் காப்பிக்கு அழைத்தார்கள். தரையில் பச்சைப் புல் பரப்பி, சாம்பிராணி போட்டு, பச்சைக் கொட்டையை நம் கண் முன்னாலேயே கழுவி வறுத்து, புகை வரும் வாணலியை ஒவ்வொருவர் முகத்தருகேயும் கொண்டு வருகிறார்கள். அந்த வாசனையைக் கையால் இழுத்து முகர வேண்டும். பிறகு உரலில் இடித்து, ஜெபனா என்ற மண்கூஜாவில் கொதிக்க வைத்து, பிடியில்லாத சின்னக் கிண்ணத்தில் ஊற்றுகிறார்கள். மூன்று சுற்று. அபோல், தோனா, பெரெக்கா. மூன்றாவது ஆசீர்வாதம், அதைக் குடிக்காமல் எழுந்தால் மரியாதை இல்லை. கூடவே சோளப்பொரி. இரண்டு மணி நேரம் ஆயிற்று, யாரும் கைபேசியைத் தொடவில்லை.

அந்த வாரம்தான் மகன் சொன்னான், "அம்மா, சனிக்கெழமை ராத்திரி மூணு மணிக்குப் பாட்டுக் கேக்கப் போலாங்களா?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர்கள் கணக்கில் நாள் சூரிய உதயத்தோடு தொடங்குகிறது. நம் காலை ஏழு அவர்களுக்கு ஒரு மணி, இரவு ஒன்பது அவர்களுக்கு ராத்திரி மூன்று. நம் பெரியவர்கள் உதயத்திலிருந்து நாழிகை எண்ணியது மாதிரியேதான். இதைத் தெரிந்துகொள்ளாமல் போகிறவர்கள் விருந்துக்கும் பேருந்துக்கும் தவறிவிடுவார்கள்.

நாங்கள் போனது அஸ்மாரி பாடும் வீடு. அஸ்மாரி என்பவர் மசிங்கோ என்ற ஒற்றை நரம்பு வாத்தியத்தை வில்லால் இழுத்துக்கொண்டே, எதிரே உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்து அங்கேயே வரி கட்டிப் பாடுபவர். கசாஞ்சிஸ் பேட்டையில் இப்படிப்பட்ட இடங்கள் நிறைய இருந்தன. நகர மேம்பாட்டுப் பணிக்காக அந்தப் பேட்டையின் பெரும்பகுதியை 2024இல் இடித்துவிட்டார்கள், பாடகர்கள் வேறு பக்கம் சிதறிவிட்டார்கள் என்று மகனின் நண்பர் வருத்தத்தோடு சொன்னார். நாங்கள் போன இடம் நம் வீட்டுக் கூடம் அளவுதான். தாழ்வான முக்காலிகள். தேனைப் புளிக்க வைத்த தேஜ் என்ற மதுவை உருண்டைக் குடுவையில் தந்தார்கள். எனக்குப் புளிக்காத தேன் தண்ணீர் கிடைத்தது, பெயர் பிர்ஸ்.

பாடகர் என்னிடம் வந்து நின்றார். வெள்ளை நெத்தலா போர்த்திய பொட்டு வைத்த அம்மா என்று தொடங்கி நாலு வரி பாடினார். சபை அதிர்ந்து சிரித்தது. நண்பர் விளக்கினார். மேலே கேட்டால் என்னை வாழ்த்துவது, உள்ளே பக்கத்து மேசைக்காரர் காசை எடுக்காததைக் குத்துவது. இந்தச் சிலேடைக்கு மெழுகும் பொன்னும் என்று பெயராம். பொற்கொல்லர் மெழுகை உருக்கி எடுத்தால் உள்ளே பொன் நிற்பது போல. காளமேகத்தைப் படித்த நமக்கு இது அந்நியமா? பக்கத்து மேசைக்காரர் எழுந்து வந்து பாடகர் நெற்றியில் அந்த நாட்டுப் பணமான பிர் நோட்டு ஒன்றை ஒட்டினார். பிறகு எல்லாரும் தோளை மட்டும் குலுக்கி ஆடும் இஸ்கிஸ்தா ஆடினார்கள். நானும் உட்கார்ந்தபடியே தோளை ஆட்டினேன். பேரன் பேத்தியோடு வந்த ஒரு பாட்டி எழுந்து வந்து என் எதிரே நின்று ஆடினார். கணவர் போன பிறகு ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஊருக்குள்கூட நான் வெளியே போனதில்லை. அன்று பதினொன்றரைக்கு வாடகைக் காரில் வீடு வந்தோம்.

பிப்ரவரி நடுவில் மூன்று நாள் தான்சானியாவின் சான்சிபார் தீவுக்குக் கூட்டிப் போனான். அங்கே கல்நகரம் (ஸ்டோன் டவுன்) என்ற பழைய நகரப் பகுதியில், பழைய கோட்டைக்குள் சௌத்தி சா புசாரா என்ற இசை விழா, 2004இலிருந்து நடக்கிறது. பல ஆப்பிரிக்க நாட்டுப் பாடகர்கள். வயலினும் அக்கார்டியனும் சேர்ந்த தாராப் பாட்டை முக்காடிட்ட உள்ளூர்ப் பெண்கள் கூடவே முணுமுணுத்தார்கள். கோட்டைக்கு எதிரே ஃபொரொதானி பூங்காவில் அந்தி சாய்ந்ததும் சாப்பாட்டுக் கடைகள் முளைக்கின்றன. இஞ்சியும் எலுமிச்சையும் சேர்த்துப் பிழிந்த கரும்புச்சாறு, மஞ்சள் குழம்பில் பஜ்ஜியும் உருளையும் மாங்காய்ப் புளிப்பும் கலந்த உரோஜோ, முட்டை பரோட்டா போல மடித்துச் சுடும் சான்சிபார் பீட்சா. பையன்கள் கடற்சுவரிலிருந்து ஓடி வந்து கரணம் அடித்துக் கடலில் குதிக்கிறார்கள், கூட்டம் கைதட்டுகிறது. அங்கேயும் மணிக்கணக்கு உதயத்திலிருந்துதான்.

எச்சரிக்கையே வேண்டாம் என்று சொல்லவில்லை. திம்கத்துக்குப் பேர்போன ஊர் கோண்டார். அது இருக்கும் அம்ஹாரா பகுதியில் 2023இலிருந்து சண்டை நடப்பதால் நாங்கள் அங்கே போகவில்லை. கூட்டத்தில் நகை போடவில்லை, ராத்திரியில் தனியாக நடக்கவில்லை, தெரிந்தவர் துணையோடு போனோம். கோயம்பேட்டில் இறங்கும் வெளியூர்க்காரருக்கும் இதைத்தானே சொல்வோம்? அதற்காகச் சென்னையில் மாலையில் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள் என்று எழுதுவோமா? ஒரு நகரத்தில் லட்சக்கணக்கான குடும்பங்கள் ராத்திரியில் பாடி ஆடிச் சாப்பிட்டு வீடு திரும்புகின்றன. அதைக் காணாமல், பயத்தை மட்டும் அச்சடிப்பது அந்த மக்களுக்கு அநியாயம். அதை நம்பி வீட்டோடு இருந்துவிடும் என் வயதுப் பெண்களுக்கும் அநியாயம்.

ஆசிரியர் ஐயா, வனவிலங்குப் பக்கத்தை நிறுத்தச் சொல்லவில்லை. அடுத்த திம்கத்துக்கு முன்னால் நகரங்களுக்கும் ஒரு முழுப் பக்கம் கொடுங்கள். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிப் போன கப்பல் கரைசேர்ந்த தென்னாப்பிரிக்க நகர் டர்பனில் தொடங்கினாலும் சரி, அங்கே இன்றும் காவடி எடுக்கிறார்கள். அதோடு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி விவரத்தையும் பெட்டிச் செய்தியாகப் போடுங்கள். பயணத்துக்குக் குறைந்தது பத்து நாள் முன்னால் போட்டால்தான் செல்லும், சான்று இல்லாமல் திரும்பி வந்தால் நம் விமான நிலையத்தில் நிறுத்திவிடுவார்கள். சென்னை கிண்டியில் உள்ள கிங் நோய்த்தடுப்பு நிலையத்தில் போடுகிறார்கள். நான் அதற்காகவே அவிநாசியிலிருந்து ஒரு நாள் ரயிலில் போய் வந்தேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர் ஒருவர்,
அவிநாசி.