ஈயத்துக்குள் இருந்த வெள்ளி

அன்புள்ள மகளுக்கு,

தங்கத்தைவிட வெள்ளி விலை ஏன் இப்படித் துள்ளி ஏறி, தொப்பென்று விழுகிறது என்று கேட்டிருந்தாய். உலையிலிருந்து தொடங்கினால்தான் இது விளங்கும், அம்மா. வெள்ளியைப் பிரித்தெடுக்கும் முறை மாறியபோதும், அதைக் கொண்டு நடக்கும் வேலை மாறியபோதும் அதன் மதிப்பு மாறியிருக்கிறது.

தங்கம் ஆற்று மணலிலேயே தங்கமாகக் கிடைக்கும். வெள்ளி அப்படிக் கிடைப்பது அபூர்வம். பெரும்பாலும் காரீயத் தாதுக்குள் கலந்து கிடக்கும். அதனால்தான் தொடக்க கால எகிப்தில் தங்கத்தைவிட வெள்ளிக்கு மதிப்பு அதிகம். பிறகு புடமிடும் முறை பரவியது. எலும்புச் சாம்பலில் செய்த குழிவான கிண்ணத்தில் வெள்ளி கலந்த ஈயத்தை உருக்கி, மேலே காற்றை ஊத வேண்டும். ஈயம் காற்றோடு சேர்ந்து மிருதார்சிங்கி என்னும் ஈய ஆக்சைடாகி, கிண்ணத்துக்குள் ஊறிப் போகும். வெள்ளி அசையாமல் நிற்கும். சூடு குறைந்தால் மிருதார்சிங்கி மேலே உறைந்து மூடிக்கொள்ளும், வேலை நின்றுவிடும். சூடு மிஞ்சினால் வெள்ளியும் கொஞ்சம் ஈயத்தோடு போகும். கடைசித் துளி ஈயம் நீங்கும்போது வானவில் நிறங்கள் ஓடி, வெள்ளிக் குண்டு சட்டென்று மின்னும். அப்போது அவசரப்பட்டு ஆறவிடக் கூடாது. உருகிய வெள்ளி தன் கன அளவைப் போல் ஏறத்தாழ 20 மடங்கு ஆக்சிஜனை உள்வாங்கி வைத்திருக்கும். உறையும்போது அதைக் கக்கும், கூடவே வெள்ளியும் தெறிக்கும். தாதுவில் தங்கம் இருந்தால் அதுவும் இந்தக் குண்டிலேயே தங்கிவிடும். நைட்ரிக் அமிலத்தில் போட்டு அதைப் பிரிக்கலாம்.

ஏதென்ஸ் எழுந்தது இந்த வித்தையால்தான். கி.மு. 483இல் ஏதென்ஸுக்கு அருகிலிருந்த லாரியன் சுரங்க வெள்ளியைக் குடிமக்களுக்குப் பங்கிடாமல் கப்பல் கட்டச் சொன்னார் அந்நகரத் தலைவர் தெமிஸ்டோக்ளீஸ். 480இல் சலாமிஸில் பாரசீகரை வென்றது அந்தக் கப்பற்படை. ரோம் வேறு பாடம். அங்கே நாணயத்தில் செம்பைக் கூட்டிக்கொண்டே போய், கி.பி. 270 வாக்கில் வெள்ளி 5 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. மேற்பரப்புச் செம்பை அமிலத்தில் கரைத்தால் மெல்லிய வெள்ளித் தோல் மிஞ்சும். புதுக் காசு பளபளக்கும், கை பட்டுத் தேய்ந்ததும் சிவக்கும். எந்த வெள்ளியையும் உரைகல்லில் தேய்ப்பதற்கு முன் அரத்தால் ஆழமாக ராவச் சொல்வது இதனால்தான்.

அடுத்த பெரிய திருப்பம் அமெரிக்கக் கண்டத்தில். 1545இல் இன்றைய பொலிவியாவின் பொத்தோசி மலையில் வெள்ளி கண்டார்கள். 1554இல் மெக்சிகோவின் பச்சூக்காவில் பார்த்தலோமே தே மெதினா பாதரச முறையைக் கொண்டுவந்தார். தாதுவைச் சேறாக அரைத்து, கல் பாவிய முற்றத்தில் பரப்பி, உப்பு, வறுத்த செம்புத் தாது, பாதரசம் மூன்றையும் சேர்த்து வாரக்கணக்கில் மிதித்துக் கலக்குவார்கள். பிறகு கழுவி, துணியில் பிழிந்து, சூடேற்றிப் பாதரசத்தை ஓட்டினால் வெள்ளி. குளிர் காலத்தில் கலவை மந்தமாகும். செம்பு மிகுந்தால் பாதரசம் வீணாகும். அப்போது சுண்ணாம்பு சேர்த்து அடக்குவார்கள். எடுத்த வெள்ளியின் எடைக்கும் கூடுதலான பாதரசம் தொலைந்தது. அந்த ஆவியையும் சேற்றையும் சுமந்த தொழிலாளிகளின் உடல்நலத்தை யாரும் கணக்கில் எழுதவில்லை. உலகம் முழுதும் ஓடிய ஸ்பானிய வெள்ளிக் காசு, சுமார் 27 கிராம், இதிலிருந்து வந்ததுதான்.

பிறகு சட்டம் விலையை உடைத்தது. 1803இல் பிரான்ஸ் ஒரு பங்கு தங்கத்துக்கு 15.5 பங்கு வெள்ளி என்று நிர்ணயித்திருந்தது. 1859இல் நெவாடாவில் பெரும் வெள்ளிப் படிவு கிடைத்தது. 1870களில் ஜெர்மனி தங்க நாணயத்துக்கு மாறி வெள்ளியை விற்றது. 1890களில் அந்த விகிதம் 30ஐத் தாண்டியது. 1893இல் இந்திய நாணயச் சாலைகள் மக்கள் கொண்டுவரும் வெள்ளியை ரூபாயாக அடித்துத் தருவதை நிறுத்தின. ரூபாய் என்ற பெயரே வெள்ளியைக் குறிக்கும் வடசொல்லில் பிறந்தது.

காசில் இழந்த இடத்தை வெள்ளி வேலையில் பிடித்தது. ஒளி பட்ட வெள்ளி புரோமைடு கறுப்பதுதான் புகைப்படச் சுருளின் அடிப்படை. மின்சாரத்தை வெள்ளியைவிட நன்றாகக் கடத்தும் உலோகம் இல்லை. இரண்டாம் உலகப் போர்க்காலச் செம்புத் தட்டுப்பாட்டில் அமெரிக்கக் கருவூலம் அணுகுண்டுக்கு யுரேனியம் பிரிக்கும் காந்தங்களின் சுருள்களுக்குச் சுமார் 13,300 டன் வெள்ளியைக் கடனாகக் கொடுத்தது. கடைசிப் பகுதி 1970இல் திரும்பியது. இன்று சூரியத் தகட்டின் முகத்தில் ஓடும் மெல்லிய கோடுகள் வெள்ளிப் பசை. செம்பை வைக்கலாம்தான், ஆனால் அது சிலிக்கனுக்குள் ஊடுருவிக் கெடுக்கும். தடுப்புப் படலம் போட வேண்டும்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். இப்போதும் வெள்ளியில் பெரும்பகுதி ஈயம், துத்தநாகம், செம்பு, தங்கம் எடுக்கும் சுரங்கங்களில் உடன்விளைவாக வருவதுதான். வெள்ளி விலை ஏறினாலும் துத்தநாகத்துக்குக் கிராக்கி இல்லாவிட்டால் அந்தச் சுரங்கம் கூடுதலாக வெட்டாது. வரத்து அசையாமல் தேவை மட்டும் அசைந்தால் விலை துள்ளத்தான் செய்யும். அதனால் அவசரத் தேவைக்கு வைத்திருக்கும் பணத்தை வெள்ளியில் போடாதே.

வாங்கினால், எடையை அது வெளியேற்றும் நீரின் எடையால் வகுத்துப் பார். சுத்த வெள்ளி 10.5க்கு அருகில் வரும், ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளியான 925 மாற்று சற்றுக் குறையும். 9க்கு வந்தால் செம்பென்று சந்தேகப்படு. இந்தச் சோதனை திடமான கட்டிக்குத்தான்; உள்ளே குழிவான பொருளில் பொய் சொல்லும். கறுப்பது கந்தகத்தால்: ரப்பர் பட்டை போட்டோ கம்பளியில் சுற்றியோ வைக்காதே. கறுத்தால் அலுமினியத் தாளில் படும்படி வைத்து, அரை லிட்டர் சுடுநீரில் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா கரைத்து ஊற்று. கறுப்பு மீண்டும் வெள்ளியாகும். பொடி போட்டுத் தேய்த்தால் அந்த வெள்ளி துணியோடு போய்விடும். முத்து, கல் பதித்தவற்றுக்கு இந்த முறை வேண்டாம்.

அன்புடன்,
அப்பா